எண்ணப்படாதோர்: மலையகத்து இடம்பெயர்ந்தோர் கணக்குகள் பற்றிய ஒரு திறனாய்வு

எண்ணையும் எழுத்தையும் மாந்தரின் இரு விழிகளாக வைத்துப் பேசியது தமிழர் அறநூல். அக்கருத்தை எண்ணுவோன் பக்கமிருந்து நோக்குவதே வழக்கம். எண்ணப்படுவோன் பக்கமிருந்து நோக்கின் அதற்கு வேறொரு பொருளும் தோன்றும். கணக்கில் வராதவன் பிறர் கண்ணிலும் படாதவன் ஆகின்றான். ஊர் அமைதியாக இருக்கும் நாளில் இக்குறை வெளிப்படுவதில்லை. மண்சரிவோ கலகமோ நேர்ந்து மக்கள் வீடுவாசலை விட்டு ஓடும் நாளில் அது வெளிப்படுகின்றது. அன்று பட்டியலில் பெயர் உள்ளவனுக்குப் பாயும் அரிசியும் கிடைக்கும். பெயர் இல்லாதவன் வரிசையின் கடைசியில் நின்று வெறுங்கையோடு திரும்புவான்.

நிவாரணம் என்பது இரக்கத்திற் பிறப்பதாயினும் கணக்கால் நடப்பது. பேரிடர் உதவியில் ஈடுபடும் உலக நிறுவனங்கள் பொதுவாக ஏற்றுக்கொண்ட அளவுகளின்படி ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லீற்றர் நீரும், தங்குமிடத்தில் 3.5 சதுர மீற்றர் இடமும் வேண்டும். தோட்டப் பாடசாலை மண்டபம் ஒன்றில் 200 பேர் தங்கியிருக்க, ஏட்டில் 140 பேர் எனப் பதியப்பட்டால், நாள்தோறும் 900 லீற்றர் நீர் குறையும். அக்குறையைக் குடித்துத் தீர்ப்பவர் பெரும்பாலும் குழந்தைகளும் முதியோருமே. மறுதலையாக, 140 பேரை 200 என்று எழுதினால், அடுத்த தோட்டத்துக்குச் செல்லவேண்டியது இங்கே தங்கிவிடும். ஆகலின் பிழையான எண் எத்திசையிற் பிழைத்தாலும் யாரோ ஒருவரின் பங்கைப் பறித்தே தீரும்.

இக்கட்டுரை நுவரெலியா, ஹற்றன், தலவாக்கலைப் பகுதிகளையும் அவற்றை அடுத்த ஊவா மலைகளையும் சார்ந்த தோட்ட மக்களின் இடப்பெயர்வுகள் எவ்வாறு எண்ணப்பட்டன, எவ்வாறு எண்ணப்படாமற் போயின என்பதை ஆராய்ந்து, அக்கணக்குகளின் நம்பகத்தை மதிப்பிட முயல்கின்றது.

இடம்பெயர்ந்தோர் யாவர்?

முதலிற் சொல்லின் பொருளை வரையறுத்தல் வேண்டும். நாட்டின் எல்லையைக் கடந்து அடைக்கலம் தேடுபவர் அகதி; 1951 ஆம் ஆண்டின் உடன்படிக்கை அவருக்குச் சட்டநிலை ஒன்றை வழங்கியது. எல்லையைக் கடவாது சொந்த நாட்டுக்குள்ளேயே உலைவோருக்கு அத்தகைய உடன்படிக்கை இருக்கவில்லை. சூடான் நாட்டு அறிஞர் பிரான்சிஸ் டெங் தலைமையில் உருவாகி 1998 இல் ஐக்கிய நாடுகள் சபையின் முன் வைக்கப்பட்ட வழிகாட்டு நெறிகளே அவர்களைப் பற்றிய பொது வரையறையைத் தந்தன. போர், வன்செயல், மனித உரிமை மீறல், இயற்கையாலோ மனிதராலோ நேர்ந்த பேரிடர் ஆகியவற்றால் வழமையான வதிவிடத்தைக் கட்டாயத்தின் பேரில் விட்டகன்றோர், எல்லை கடவாதிருப்பின், உள்ளூரில் இடம்பெயர்ந்தோர் ஆவர்.

இவ்வரையறையின்படி 1977 இல் ஹற்றனிலிருந்து வவுனியாவுக்கு ஓடியவரும் இடம்பெயர்ந்தோரே. மேல் லயம் சரியும் அபாயத்தால் கீழ்ப் பாடசாலைக்குப் போய்ப் பத்து நாள் படுத்திருந்தவரும் இடம்பெயர்ந்தோரே. வரையறை விரிவானது, குறை கூறுதற்கில்லை. ஆனால் வரையறையின் நடுவே 'வழமையான வதிவிடம்' என்ற தொடர் தூண்போல் நிற்கின்றது. தோட்டத்தில் அத்தூண் எதன்மேல் நிற்கின்றது என்று வினவுவதே இத்திறனாய்வின் தொடக்கம்.

தோட்டத்து ஏடுகள்

தென்னிந்தியாவிலிருந்து கோப்பிக் காலத்தில் மன்னார் வழியே காடு கடந்து மாத்தளைக்கு நடந்து வந்தோரில், வழியில் மாண்டோர் எத்தனை பேர் என்பதற்கு ஒன்றோடொன்று பொருந்தாத மதிப்பீடுகளே எஞ்சின. வந்து சேர்ந்தோருக்கு மட்டுமே கணக்கு வைக்கப்பட்டது. அதுவும் கடன் கணக்காக. 'துண்டு' எனப்பட்ட சீட்டில் தொழிலாளி கொடுக்கவேண்டிய கடன் எழுதப்பட்டிருந்தது. அக்கடனைத் தீர்ப்பவரே அவரை வேறு தோட்டத்துக்கு அழைத்துச் செல்லலாம். 1921 இல் அம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. எனினும் மலையகத் தொழிலாளியின் இடமாற்றத்தைப் பதிந்த தொடக்ககால ஆவணங்களுள் ஒன்று கடன்சீட்டு என்பதை மறத்தல் தகாது.

துண்டு போயினும் செக்றோல் இருந்தது. பெரட்டுக்களத்தில் காலையில் நின்றவர் யார், எத்தனை கிலோ கொழுந்து பறித்தார், அவருக்கு அன்று முழுப்பேரா அரைப்பேரா என்பதை அந்த ஏடு தவறாது சொல்லும். மனிதரைப் பின்னமாக்கி எழுதும் இவ்வழக்கு கூலி கணக்கிடுதற்குப் பொருந்தும். குடிமக்களை எண்ணுதற்குப் பொருந்தாது. ஓய்வுபெற்ற முதியவர், கொழும்புக் கடையில் நிற்கும் மகன், மத்திய கிழக்கிற்கு வீட்டுவேலைக்குச் சென்ற மருமகள், பள்ளிப் பிள்ளை, தோட்டத்தில் பெயர் பதியாது வெளியே கைக்காசுக்கு வேலை செய்யும் குடும்பம் ஆகியோர் செக்றோலின் எல்லைக்கு அப்பாற்பட்டோர். தோட்ட வேலையில் நிலைத்திருப்போர் தொகை குறைந்து, தோட்டத்தில் குடியிருந்தபடியே வெளியே உழைப்போர் தொகை பெருகப் பெருக, அவ்வேடு குடிசனத்திலிருந்து மேலும் மேலும் விலகிச் செல்கின்றது. இருந்தும் அவசர வேளையில் 'தோட்டத்தில் எத்தனை பேர்?' என்று கேட்டால் முதலில் நீட்டப்படுவது அதுவே.

அரசின் ஏடு இதனினும் சிறந்ததோ எனின், அன்று. ஊர்ப்புறங்களில் கிராம அலுவலரின் பதிவு, காணி உறுதி, வரி, வாக்காளர் இடாப்பு எனப் பல ஏடுகள் ஒன்றையொன்று திருத்தும். தோட்டமோ நெடுங்காலம் துரையின் ஆட்சிக்குட்பட்ட தனியுலகாய் இருந்தது. 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடத் தடையாய் நின்றது. 2018 இலேயே அது திருத்தப்பட்டது. 2012 குடிசன மதிப்பின்போது அம்பகமுவை, நுவரெலியா ஆகிய பிரதேச செயலகப் பிரிவுகள் ஒவ்வொன்றிலும் 200,000 இற்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர். நாட்டின் பிற பகுதிகளில் அத்தகைய தொகைக்குப் பல செயலகங்கள் இருந்தன. லயத்துக் காம்பராக்களுக்குத் தனி முகவரி இல்லாமையால் கடிதமே தோட்ட அலுவலகத்தைச் சுற்றிவந்த நாட்டில், இடர்நாளில் ஆளைத் தேடிப்பிடிக்கும் ஏடு எங்கிருந்து வரும்?

குடியுரிமையும் குடிசனமும்

மலையக மக்களைப் பற்றிய எண்களில் மிகப் பெரியவை குடியுரிமை எண்கள். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தால் பிரசாவுரிமை இழந்தோருக்கு, 1949 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கச் சட்டம் ஒரு வாயிலைத் திறந்தது. மணமானவர் 7 ஆண்டும், மணமாகாதவர் 10 ஆண்டும் இடையறாது இந்நாட்டில் வதிந்தமைக்குச் சான்று காட்டவேண்டும் என்பது நிபந்தனை. ஏறத்தாழ 825,000 பேர் சார்பில் விண்ணப்பிக்கப்பட்டும் ஏறத்தாழ 134,000 பேருக்கே உரிமை கிட்டியது. சான்று இல்லாதவன் வதிவில்லாதவனாகக் கொள்ளப்பட்டான் என்பதே இதன் பொருள்.

1964 ஒக்டோபரில் கைச்சாத்தான சிறீமா–சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைப் பங்கிட்டது: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேர் பின்னர் தீர்மானிக்கப்படுவதற்கு. 1974 இல் அவ்வெச்சத்தையும் இரு நாடுகளும் 75,000 வீதம் சமமாகப் பிரித்துக்கொண்டன. இவ்வெண்கள் மக்களைக் கேட்டு எடுக்கப்பட்டவை அல்ல. முதலில் எண் எழுதப்பட்டு அதற்குப் பின்னரே மனிதர் தேடப்பட்டனர். புள்ளிவிவரக் கலையின் முறை இதற்கு நேர்மாறானது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

குடிசன மதிப்பும் இக்குழப்பத்தைத் தெளிவிக்கவில்லை. 'இந்தியத் தமிழர்' என்ற பிரிவில் 1971 இல் ஏறத்தாழ 1,175,000 பேர் காணப்பட்டனர். 1981 இல் ஏறத்தாழ 819,000 பேர். 2012 இல் ஏறத்தாழ 840,000 பேர். வீழ்ச்சியின் ஒரு பகுதிக்குத் தாயகம் திரும்பல் காரணம். மறுபகுதிக்கு, 'இலங்கைத் தமிழர்' என்ற பிரிவிலே தம்மைப் பதிந்துகொண்டமை காரணம். வன்னிக்கு இடம்பெயர்ந்து வாழ்ந்தோர் பலர் இரண்டாம் வகையினர். எனவே இடம்பெயர்ந்தவர் இடத்தால் மாத்திரமன்றிப் பெயராலும் இடம்பெயர்ந்தார். ஹற்றனின் கணக்கிலிருந்து அவர் கழிக்கப்பட்டார். வவுனியாவின் கணக்கிலோ வந்தவராக அன்றி இருந்தவராகவே சேர்க்கப்பட்டார். வரவும் செலவும் சரியாய் அமைந்தும் நேர்ந்தது என்னவென்று தெரியாத பேரேட்டை ஒத்தது இது.

வன்னிக்குச் சென்றோர்

1970களின் நடுப்பகுதியில் உணவுப் பஞ்சமும் காணிச் சீர்திருத்தத்தின் விளைவுகளும் தோட்டங்களை வாட்டின. 1977 மே 11 ஆம் நாள் டெவன் தோட்டத்தில் காணி பறிபோவதை எதிர்த்த தொழிலாளருள் சிவனு லெட்சுமணன் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்கு இரையானார். அவ்வாண்டு ஓகஸ்டில் கலவரம் மூண்டது. 1981 இலும் 1983 யூலையிலும் அது மீண்டது. ஒவ்வொரு முறையும் குடும்பங்கள் வடக்கு நோக்கிச் சென்றன. கட்டடக் கலைஞர் எஸ். ஏ. டேவிட், மருத்துவர் இராஜசுந்தரம் ஆகியோர் நடத்திய காந்தியம் இயக்கம் வவுனியாப் பகுதியில் அவர்களைக் குடியேற்றிற்று. 1983 இல் அவ்வியக்கம் ஒடுக்கப்பட்டது. இராஜசுந்தரம் அவ்வாண்டு யூலையில் வெலிக்கடைச் சிறையிற் கொல்லப்பட்டார். குடியேறியோரைப் பற்றி அண்மையிலிருந்து அறிந்த நிறுவனம் இவ்வாறு சிதைந்தபின் அவர்களுடைய கணக்கும் சிதைந்தது.

அதன்பின் நாட்டில் நடந்திருக்கவேண்டிய 1991 குடிசன மதிப்பு நடைபெறவில்லை. 2001 இல் நடந்தது 25 மாவட்டங்களுள் 18 இலேயே நிறைவெய்தியது. 1981 இற்குப் பின் நாடு முழுவதும் எண்ணப்பட்டது 2012 இலேயே. முப்பத்தோர் ஆண்டுக்காலம் வடக்கின் பெரும்பகுதி முழுமையான கணக்கின்றிக் கிடந்தது; மலையகத்திலிருந்து வந்து காணியின்றி வாழ்ந்தோர் அங்கும் கடைநிலையிலேயே இருந்தனர்.

இவ்விடைவெளியின் விலை 2009 இல் தெரிந்தது. போரின் இறுதி மாதங்களில் வன்னியில் அகப்பட்டிருந்தோர் 70,000 பேர் அளவினரே என அரசாங்கம் கூறிற்று. ஐக்கிய நாடுகள் சபையின் மதிப்பீடு அதனைப்போல் மும்மடங்குக்கும் மேற்பட்டது. போர் முடிந்தபோது முகாம்களுக்கு வந்து சேர்ந்தோர் 280,000 பேர் அளவினர். உணவும் மருந்தும் அனுப்பப்படும் அளவு எண்ணைப் பொறுத்தது என்பதை நினைவிற் கொள்ளின், எண்ணைப் பற்றிய வாதம் ஏட்டுவாதம் அன்று, உயிர்வாதம் என்பது புலனாகும். அம்முகாம்களில் மலைநாட்டுத் தோட்டங்களிலிருந்து ஒரு தலைமுறைக்கு முன் வந்தவர்களின் பிள்ளைகளும் இருந்தனர்.

மீரியபெத்தை

2014 ஒக்டோபர் 29 ஆம் நாள் காலை கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. அவ்விடம் ஆபத்தானது எனத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தது. முதல் நாட்களில் காணாமற் போனோர் நூற்றுக்கணக்கினர் எனச் செய்திகள் பரவின. பின்னர் அதிகாரிகள் தந்த தொகை அதன் ஒரு சிறு பகுதியாகக் குறுகியது. முதலெண் மிகை எனின், இறுதியெண் சரியெனல் எவ்வாறு?

இரண்டையும் நடுநிலையில் ஆராய்தல் வேண்டும். முதலெண் மிகையானதற்குக் காரணம் தெளிவு. லயங்களில் பதிந்த பெயர்களைக் கூட்டி, உயிரோடு முகாமில் நின்றோரைக் கழித்தால் வரும் மீதி அது. காலையில் பாடசாலைக்குச் சென்ற பிள்ளைகள், முன்பே வேலைக்கு இறங்கியோர், கொழும்பில் இருந்தோர் ஆகியோர் மெல்ல மெல்ல வந்து சேர, மீதி குறைந்தது. பின்வந்த எண்ணோ உறவினர் வந்து முறையிட்டோரைக் கொண்டு திருத்தப்பட்டது. ஆனால் குடும்பம் முழுவதும் புதையுண்டிருப்பின் முறையிடுவார் யார்? விருந்தாக வந்து தங்கியவரை அறிந்தவர் யார்? முதல் முறை பதிவேட்டை அளவுமீறி நம்பியது. இரண்டாம் முறை உயிர்பிழைத்தோரின் நாவை அளவுமீறி நம்பியது. இரண்டையும் ஒருங்கு வைத்து, காம்பரா காம்பராவாக ஒப்பிட்டு, முரண்பாடுகளை ஒளியாது வெளியிடுவதே நேரிய முறை.

உயிர்பிழைத்தோர் பாடசாலையிலும், பின்னர் மக்கல்தெனியவில் இயங்காதிருந்த தேயிலைத் தொழிற்சாலையிலும் தங்கினர். புதிய வீடுகள் கையளிக்கப்பட்டது 2016 ஒக்டோபரில். ஏறத்தாழ ஈராண்டு அவர்கள் இடம்பெயர்ந்தோராய் இருந்தனர். அதே ஈராண்டில், எச்சரிக்கை வந்தபோது லயத்தை விட்டிறங்கி மழை விட்டபின் மீண்டும் ஏறிய பிற தோட்டத்தார் எத்தனை முறை இடம்பெயர்ந்தனர்? நாளொன்றைத் தெரிந்து அன்று முகாமில் இருந்தோரை எண்ணினால், இவர்கள் அகப்படமாட்டார்கள். குளத்து நீரை அளப்பது ஒன்று. வாய்க்காலில் ஓடும் நீரை அளப்பது மற்றொன்று. மலையகத்து இடப்பெயர்வு பெரும்பாலும் வாய்க்காலை ஒத்தது.

ஒப்புநோக்குதற்கு மேல் கொத்மலைத் திட்டத்தைக் காட்டலாம். 2012 இல் நிறைவெய்திய அத்திட்டத்துக்காகத் தலவாக்கலையில் ஏறத்தாழ ஐந்நூறு குடும்பங்கள் இடம்மாற்றப்பட்டன. அணை கட்டுவோர் முன்கூட்டியே வீடுவீடாகச் சென்று கணக்கெடுத்தனர். கணக்கெடுப்பு முடியாத காரியம் அன்று என்பதற்கு இதுவே சான்று. மின்சாரத்துக்காக எண்ணத் தெரிந்த நாட்டுக்கு, அபாயப் பகுதி எனத் தானே குறித்த மலைச்சாரலில் வாழ்வோரை மழைக்கு முன் எண்ணத் தெரியாது என்று கூறவியலாது.

உலகப் பரிந்துரைகளின் நிறையும் குறையும்

இடம்பெயர்ந்தோர் புள்ளிவிவரத்துக்கான சர்வதேசப் பரிந்துரைகளை ஐக்கிய நாடுகள் புள்ளிவிவர ஆணைக்குழு 2020 இல் ஏற்றுக்கொண்டது. இத்துறையில் அது குறிப்பிடத்தக்க சாதனை. நிவாரணம் வழங்குவோர் களத்தில் விரைந்து திரட்டும் தரவு வேறு, நாட்டின் புள்ளிவிவரத் திணைக்களம் முறையாக வெளியிடும் புள்ளிவிவரம் வேறு என அது பிரித்துக் காட்டிற்று. குறித்த நாளில் உள்ளோர் தொகையையும், காலத்தில் வந்துபோவோர் தொகையையும் தனித்தனியே அளக்கவேண்டும் என்றது. ஒருவர் எப்போது இடம்பெயர்ந்தோர் கணக்கிலிருந்து நீங்குவார் என்ற கடினமான வினாவுக்கும் அளவுகோல் வகுத்தது. பாதுகாப்பு, போதிய வாழ்க்கைத் தரம், பிழைப்பு, வீடு–காணி–உடைமை மீளப்பெறல், ஆவணங்கள் பெறல் என்பன அவ்வளவுகோல்கள்.

மலையகத்தில் நின்று நோக்குங்கால் கடைசி இரண்டும் தடுமாறுகின்றன. மீளப்பெறுதற்கு முன்பு பெற்றிருத்தல் வேண்டும். லயத்துக் காம்பராவோ தொழிலாளியின் உடைமை அன்று. காணி அரசினது, நிர்வாகம் 1992 முதல் கம்பனிகளினது. மண்சரிவில் அவர் இழந்தது வீடன்று, குடியிருக்கும் வழக்கம் என்று சட்டம் பேசினால், அவருக்கு மீட்டுக்கொடுக்க ஏதுமில்லை என்ற முடிவே எஞ்சும். பழைய நிலைக்குத் திரும்பியோரைக் கணக்கிலிருந்து நீக்கலாம் என்ற விதி, ஊராருக்குத் தீர்வாகும். லயத்தாருக்கோ மீண்டும் அதே வெடித்த சுவருக்குள் செல்வதையே தீர்வென்று எழுதிவிடும். அயலவரோடு ஒப்பிட்டு நோக்குக எனப் பரிந்துரை கூறலாம். அயல் லயமும் அதே நிலையில் இருக்கும்போது ஒப்பீடு என்ன பயக்கும்?

மற்றொரு குறை குடும்பம் என்ற அலகைப் பற்றியது. ஒரு காம்பராவில் தாய் தந்தையரும் மணமான மகனும் விதவையான மகளும் தனித்தனி அடுப்பு வைத்திருப்பர். படிவத்தில் 'ஒரு முகவரி, ஒரு குடும்பம்' என்றிருப்பின் மூன்று குடும்பத்துக்கு ஒரு பொதி கிடைக்கும். பெயரும் இடர் தரும். வீட்டில் ஒரு பெயர், பிறப்புச் சான்றில் சிங்களத்தில் எழுதப்பட்ட பெயர், அடையாள அட்டையில் வேறு எழுத்துக்கூட்டல் என ஒருவரே மூவராவதுண்டு. மூவர் ஒருவராவதும் உண்டு. எண்ணுவோர் வரும் வேளையும் கருதத்தக்கது. பகற்பொழுதில் லயத்துக்குச் செல்பவர் முதியோரையும் குழந்தைகளையுமே காண்பர். குடும்ப நிலையை நன்கறிந்த பெண்கள் அப்போது மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருப்பர்.

எதிர்வாதங்கள்

இவ்வளவு நுணுக்கம் பார்த்தால் உதவி தாமதிக்கும் என்பர் சிலர். உண்மையே. பசித்தவனிடம் பிறப்புச் சான்று கேட்பது கொடுமை. ஆயின் முதல் வாரத்துக் கணக்கு கைக்கணக்காகவே இருக்கலாம். அதில் ஐயத்தின் பயன் மக்களுக்கே சேரவேண்டும். வீடும் காணியும் இழப்பீடும் தீர்மானிக்கும் கணக்கு அதன்பின் நிதானமாக எடுக்கப்படவேண்டும். முதற்கணக்கை இறுதிக்கணக்காகக் கொள்வதே பிழை, விரைவு பிழையன்று.

இரண்டாவது எதிர்வாதம் பாரமானது. பட்டியல் காக்கும், பட்டியல் கொல்லவும் கொல்லும். 1983 யூலையில் கொழும்பில் வன்செயலாளர் வாக்காளர் இடாப்புகளைக் கையிற்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடிச் சென்றமை பலராலும் பதியப்பட்டது. பெயர், இனம், முகவரி மூன்றும் ஒரு தாளில் இருந்தமையே அங்கு ஆயுதமாயிற்று. ஆகலின் எண்ணப்படுவதற்கு மக்கள் அஞ்சுவதை அறியாமை என ஒதுக்குதல் தகாது. அது அனுபவத்தின் அறிவு. தேவைக்கு மேற்பட்ட எதனையும் கேளாமை, கேட்டது எதற்கென்று சொல்லுதல், பெயர்ப்பட்டியலைப் பூட்டிவைத்துத் தொகையை மாத்திரம் வெளியிடுதல் ஆகியன நம்பகமான தரவின் அணிகலன்கள் அல்ல, அடிப்படைகள். அஞ்சியவன் உண்மை சொல்லமாட்டான். உண்மை சொல்லாதபோது எண் எவ்வாறு சரியாகும்?

செய்யத்தக்கவை

நல்ல முன்மாதிரி மலையகத்திலேயே உண்டு. 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் இந்திய வம்சாவளியினருக்குப் பிரசாவுரிமை வழங்கியபோது, அரசும் ஐக்கிய நாடுகள் அகதிகள் உயர் ஆணையாளர் அலுவலகமும் தொழிற்சங்கங்களும் தொண்டர்களும் இணைந்து, நடமாடும் நிலையங்கள் மூலம் பத்து நாள் அளவில் ஏறத்தாழ 190,000 பேரைப் பதிந்தன. 1949 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஆண்டுக்கணக்கில் முடியாதது பத்து நாளில் முடிந்ததற்குக் காரணம் யாது? முன்னதில் சான்று தேடி மக்கள் அலுவலகத்துக்குச் சென்றனர்; பின்னதில் அலுவலகம் மக்களைத் தேடிச் சென்றது. முன்னதில் ஐயம் தொடக்கமாயிற்று. பின்னதில் நம்பிக்கை தொடக்கமாயிற்று.

அவ்வழியைப் பின்பற்றி, அபாயப் பகுதித் தோட்டங்களில் மழைக்காலத்துக்கு முன்பே ஆண்டுதோறும் ஓர் ஒப்புநோக்குப் பட்டியல் எழுதலாம். செக்றோல் ஒன்றையே நம்பாது, பாடசாலை வரவேடு, பிள்ளைக் காம்பரா ஏடு, மருத்துவிச்சியின் பதிவு, தொழிற்சங்கச் சந்தா ஏடு, கோயில் திருவிழாவுக்குக் குடும்பந்தோறும் பணம் சேர்க்கும் ஏடு, மரண உதவிச் சங்கத்து ஏடு ஆகியவற்றோடு வைத்துப் பார்க்கலாம். செக்றோல் விட்டவரைக் கோயில் ஏடு காட்டும். கோயில் ஏடு விட்டவரைப் பள்ளி வரவேடு காட்டும். மாலையில், கொழுந்து நிறுக்கும் மடுவத்தருகே, பெண்களையே கேட்கலாம். அடுப்பை அலகாகக் கொண்டு குடும்பத்தை எண்ணலாம். வெளியூரில் உழைப்போரைத் தனி நிரலில் எழுதின், மீரியபெத்தையில் நேர்ந்த குழப்பம் குறையும். எழுதிய பட்டியலை, பெயர் விடுபட்டோர் முறையிடத்தக்க வகையில், அந்தந்த லயத்தாருக்கே வாசித்துக்காட்டல் வேண்டும். தோட்டத்து இளைஞருள் உயர்தரம் படித்தோர் பலர் உளர். இப்பணிக்கு அவர்களைவிடத் தக்கார் இலர்.

இவை யாவும் பழங்கதை அல்ல. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலால் நாடு முழுவதும் 600 இற்கு மேற்பட்டோர் மாண்டனர். கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களின் மலைச்சாரல்கள் பேரழிவைக் கண்டன. மழை வரும், மலை சரியும், அவற்றைத் தடுத்தல் மனிதரால் முற்றும் இயலாது. யார் எங்கே வாழ்ந்தார், யார் தப்பினார், யாருக்கு என்ன வேண்டும் என்பதை அறிந்து வைத்தல் இயலும்.

தேயிலைத் தோட்டம் கணக்குத் தெரியாத இடமன்று. ஒவ்வொருத்தியின் கூடைக் கொழுந்தும் நாளில் இருமுறை மும்முறை நிறுக்கப்பட்டு, ஈரத்துக்கும் சாக்குக்கும் கழிவு போடப்பட்டு, அவள் பெயருக்கு நேரே எழுதப்படுகின்றது. கொழுந்தில் ஒரு கிலோவும் தவறவிடாத அவ்வேட்டுப் பழக்கம், அதைப் பறித்தவளையும் அவள் பிள்ளைகளையும் எழுதக் கற்றுக்கொள்ளும் நாளிலேயே மலையகத்தில் நிவாரணம் நீதியாய் நடைபெறும்.